கிராவல் ரோடு, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை... கல்லலைச் சுற்றி ஒரு சைக்கிள் ரவுண்டு!

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் தார் ரோட்டை விட்டு இறங்கி, சரளைப் பாதைகளில் சைக்கிள் மிதிப்பது இப்போது பெரிய பொழுதுபோக்கு. அந்தப் பாதைகளுக்குக் கொஞ்சமும் குறையாத பாதைகள் செட்டிநாட்டில் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டம் கல்லலில் இருந்து கிளம்பினால் மூன்று விதமான ரவுண்டு போகலாம். ஆனால், அந்தப் பாதைகள் இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

கல்லல் பக்கம் ‘கிராவல்’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. டிப்பர் லாரியில் வந்து இறங்கும் செஞ்சரளை மண்தான் கிராவல். வீட்டு மனையை மேடாக்க, கண்மாய்க் கரையைப் பலப்படுத்த, தார் போடும் முன் ரோட்டுக்கு அடித்தளம் அமைக்க என எல்லாவற்றுக்கும் அதுதான். அதே சொல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு விளையாட்டின் பெயராகிவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய சரளை ரோட்டு சைக்கிள் போட்டி, இன்று ‘அன்பவுண்ட் கிராவல்’ என்ற பெயரில் உலகப் பிரபலம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம், 2022-ல் இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பையே நடத்திவிட்டது.

பந்தயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் உள்ள சுகம் வேறு. லாரி ஹாரன் கிடையாது. பஸ் உரசிக்கொண்டு போகாது. வயலும் தோப்பும் நீர்நிலையும் மாறி மாறி வரும். வழி தவறினால் இறங்கி யாரிடமாவது கேட்கலாம். சிவகங்கைச் சீமையில் அதற்கும் பஞ்சமில்லை. ‘எங்கிட்டுப் போறீக தம்பி?’ என்று அவர்களே முதலில் கேட்டுவிடுவார்கள்.

அது என்ன கிராவல் சைக்கிள்?

கடையில் போய்க் கேட்டால் வளைந்த ஹேண்டில்பார், பல கியர், டிஸ்க் பிரேக், தடித்த டயர் கொண்ட ஒரு சைக்கிளைக் காட்டுவார்கள். விலை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சங்கள் வரை போகும். ரேஸ் சைக்கிளின் வேகமும் மலைப்பாதை சைக்கிளின் பிடிமானமும் பாதிப் பாதியாகக் கலந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் முக்கியமான விஷயம் டயரின் அகலம். ரேஸ் சைக்கிளில் 25 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். கிராவல் சைக்கிளில் 40 மி.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பின். டயர் அகலமானால் காற்றைக் குறைத்து வைக்கலாம். காற்று குறைந்தால் கல்லின் மேல் டயர் துள்ளாமல் படிந்து உருளும்.

இங்கேதான் ஒரு ஆச்சர்யம். தாத்தா காலத்து 28 இன்ச் சைக்கிள் திண்ணையில் சாய்ந்து நின்றால் அதன் டயரைப் பாருங்கள். 28 x 1½ என்று அச்சிட்டிருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அதன் அகலம் 40. அதாவது, பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் ஓடிய அந்தக் கறுப்பு சைக்கிளின் டயர், இன்றைய கிராவல் சைக்கிளின் டயர் அளவுதான். பேரன் பெங்களூரில் வாங்கிய சைக்கிளுக்கும் தாத்தாவின் சைக்கிளுக்கும் கியரிலும் எடையிலும் வித்தியாசம் உண்டு. தரையைத் தொடும் இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கறுப்பு சைக்கிளுக்கும் செட்டிநாட்டுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஹெர்குலிஸ் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த பிராண்ட். அதை இந்தியாவில் தயாரிக்க சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் முருகப்பா குழுமத்தினர். அந்தக் குடும்பத்தின் சொந்த ஊர், காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்!

ஏன் கல்லல்?

காரைக்குடியில் இருந்து சிவகங்கை வழியாக மானாமதுரை போகும் ரயில் பாதையில் உள்ள ஊர் கல்லல். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். காரைக்குடி அளவுக்கு நெரிசல் இல்லை. அதே நேரம் டீக்கடை, மெடிக்கல் ஷாப், பஞ்சர் கடை என்று ஒரு சைக்கிள்காரருக்குத் தேவையான எல்லாம் உண்டு. வடக்கே போனால் நகரத்தார் ஊர்களும் கோயில்களும். தெற்கே போனால் மருது சகோதரர்களின் போர்க்களம். எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்.

நிலம் பெரும்பாலும் சமதளம். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது. ஆனால், தரை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கெட்டியான செஞ்சரளை, அடுத்து காலில் ஒட்டும் வண்டல், தைலமரத் தோப்புக்குள் சருகு மூடிய பாதை, கொஞ்ச தூரம் புழுதி, பிறகு திடீரென்று நாட்டுக்கோட்டை வீடுகள் வரிசை கட்டிய அகலமான தெரு. 20 கி.மீ.க்குள் இத்தனையும் வரும்.

ரவுண்டு 1: குழந்தைகளோடு கண்மாய் ரவுண்டு

முதல் முறை போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களும் கல்லலைச் சுற்றியே 8 முதல் 10 கி.மீ. வரை மிதித்தால் போதும். ஊருக்குள் தொடங்கி, ஊருணி வழியாக வெளியேறி, ஒரு கண்மாய்க் கரையைப் பிடித்து, அடுத்த கிராமத்தில் இளநீரோ மோரோ குடித்துவிட்டு வேறு பாதையில் திரும்பலாம்.

இந்த ரவுண்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு விஷயம் இருக்கிறது. மழைத் தண்ணீரின் வழியைப் பின்தொடரச் சொல்லுங்கள். செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுச் சரிவில் விழும் மழை, முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து தெருவோரக் கால்வாய்க்கும், கால்வாயில் இருந்து ஊருணிக்கும் போகும். ஊருணி நிரம்பினால் மிச்சம் வெளியே உள்ள கண்மாய்க்கு. ‘செட்டிநாடு: தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்’ என்று 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தப் பகுதி சேர்க்கப்பட்டபோது, மாளிகைகளோடு இந்த நீர் ஏற்பாட்டையும் சேர்த்தே சொன்னார்கள். வறண்ட மண்ணில் ஊர் அமைத்தவர்கள் முதலில் யோசித்தது தண்ணீரைத்தான்.

கண்மாய்க் கரையில் ஏறியதும் இரண்டு இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடை ஒன்று. கண்மாய் நிரம்பியதும் மிச்சம் வழிந்தோடும் கலுங்கு இன்னொன்று. ஒரு கலுங்கில் வழியும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போகும். இப்படிச் சங்கிலி போலக் கண்மாய்கள் இணைந்திருப்பதால் கரைகளும் இணைந்திருக்கின்றன. சைக்கிளுக்குத் தனியாகப் பாதை போட வேண்டிய தேவையே இல்லாத ஊர் இது.

கரையோரம் பல இடங்களில் அய்யனார் கோயிலும், புரவி எடுப்பில் வைத்த மண் குதிரைகளும் நிற்கும். கோயில்காட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதே மரியாதை. குடிதண்ணீர் ஊருணியில் செருப்போடு இறங்குவதோ, சைக்கிளைக் கழுவுவதோ கூடவே கூடாது.

ரவுண்டு 2: படை போட முடியாத ரோடு

இது கொஞ்சம் பெரியவர்களுக்கான ரவுண்டு. கல்லலில் இருந்து அரண்மனை சிறுவயல் வழியாகக் காளையார்கோவில். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போக வர 40 கி.மீ. விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் காளையார்கோவிலில் காலை டிபன் சாப்பிடலாம்.

சிறுவயல் என்ற பெயருக்கு முன் ‘அரண்மனை’ சேர்ந்திருப்பதற்குக் காரணம் மருது சகோதரர்கள். அவர்களின் அரண்மனை இருந்த ஊர் இது. இங்கிருந்து காளையார்கோவில் வரைக்கும் அன்று அடர்ந்த காடு. காளையார்கோவிலின் பழைய பெயரே கானப்பேர். பெயரிலேயே ‘கான்’, அதாவது காடு இருக்கிறது. வேங்கைமார்பன் என்ற தலைவனிடமிருந்து இந்தக் கோட்டையைப் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி கைப்பற்றியதைப் புறநானூறு சொல்கிறது. 1772-ல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர், கம்பெனிப் படையோடும் நவாப் படையோடும் போரிட்டு வீழ்ந்ததும் இந்தக் காளையார்கோவிலில்தான்.

அடுத்த முறை படை வந்தது 1801-ல். கர்னல் அக்னியூ தலைமையிலான கம்பெனிப் படை ஜூலை மாதக் கடைசியில் சிறுவயலை அடைந்தபோது, ஊர் எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று ஏற்கெனவே தீ வைக்கப்பட்டிருந்தது. காளையார்கோவிலுக்குப் போக ஒரே வழி காட்டை வெட்டி ரோடு போடுவது என்று அக்னியூ முடிவு செய்தார். நூற்றுக்கணக்கானவர்கள் கோடரியோடு இறங்கினார்கள். வெட்டிய இடத்தில் மருது படையினர் மறைந்திருந்து தாக்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் வெட்டியும் ரோடு போய்ச் சேரவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையையே கைவிட்டார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் வெளியிட்ட தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் இந்தப் போரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கடைசியில் வேறு திசைகளில் இருந்து வந்துதான், அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அதே மாதம் 24-ம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அந்த வழியில் சைக்கிள் மிதிப்பது தனி அனுபவம். பீரங்கியோடு வந்த படையால் ஒரு மாதத்தில் கடக்க முடியாத தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அன்றைய காடு இன்று இல்லை. சீமைக் கருவேலமும் தைலமரமும் வயலும்தான். ஆனால், உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த பாதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பது மட்டும் இன்றும் மாறவில்லை. மொபைல் மேப் காட்டும் பாதையை மட்டும் நம்பாமல், பாதை பிரியும் இடத்தில் ஆடு மேய்க்கும் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

காளையார்கோவிலில் இரண்டு ராஜகோபுரங்கள். அவற்றில் உயரமானது மருது சகோதரர்கள் கட்டியது. கோயிலுக்கு எதிரே அவர்களின் நினைவிடம் இருக்கிறது. அக்டோபர் கடைசி வாரம் குருபூஜை நாட்களில் மாவட்டத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருக்கும் என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

ரவுண்டு 3: வடக்கே, கோயில்களும் பூக்கல்லும்

வடக்கு நோக்கிப் போனால் செட்டிநாட்டின் மையப் பகுதி. கண்டரமாணிக்கம், பட்டமங்கலம் பக்கமாகச் சுற்றிக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரை போகலாம். கல்லலில் இருந்து நேராகக் குன்றக்குடி போய் வந்தாலே கணிசமான தூரம் ஆகிவிடும். சுற்றிப் போனால் இன்னும் கூடும். ஒரு நாள் முழுக்க ஒதுக்குவது நல்லது.

பட்டமங்கலத்தில் தட்சிணாமூர்த்தி சன்னிதி பிரசித்தம். வியாழக்கிழமை கூட்டம் இருக்கும். குன்றக்குடியில் மலை மேல் முருகன், மலையடிவாரத்தில் குடைவரைகள். பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் கோயில், நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. சமதளத்தில் மிதித்துக்கொண்டு வரும்போது குன்றக்குடி மலை தூரத்தில் தெரிய ஆரம்பித்தால், பாதை சரி என்று அர்த்தம்.

காலில் தெம்பு இருந்தால் ஆத்தங்குடிக்கும் போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் அந்தப் பகுதி மணலும் சேர்த்துக் கையாலேயே செய்யும் ஆத்தங்குடிப் பூக்கல் இங்கேதான் பிறக்கிறது. காலையில் இருந்து டயருக்கடியில் நெறுநெறுத்த மண்ணின் உறவுக்கார மண், இங்கே கண்ணாடி போலப் பளபளக்கும் தரையாகிறது.

ஒரு குறிப்பு. சிறுவயல் வேறு, சிராவயல் வேறு. பெயர் ஒலிப்பது ஒரே மாதிரி இருப்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். சிராவயல் பிள்ளையார்பட்டியைத் தாண்டித் திருப்பத்தூர் செல்லும் வழியில் இருக்கிறது. தோழர் ஜீவா ஆசிரமம் நடத்திய ஊர். 1927-ல் காந்தியடிகள் அவரைப் பார்க்க வந்த ஊர். தை 3-ம் நாள் நடக்கும் மஞ்சுவிரட்டுக்கும் பேர் பெற்றது. மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கம் சைக்கிளில் போனால், பொட்டலில் அவிழ்த்துவிட்ட காளைக்கு முன்னால் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். ஜாக்கிரதை!

பக்கத்து மாவட்டத்தின் பெண்கள்

சரளை ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது நகரத்துக்காரர்களின் புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் புதுக்கோட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக இருந்தார்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலைக்காரர்கள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதன் முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போக அப்பாவையோ அண்ணனையோ எதிர்பார்க்க வேண்டிய நிலை மாறியது. விளைபொருளை விற்கப் போனவர் சீக்கிரம் வீடு திரும்பினார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதால் இந்தக் கதை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் கிராமத்துச் சரளைப் பாதைகளில்தான். பந்தயத்துக்காகவோ உடற்பயிற்சிக்காகவோ அல்ல. நேரத்துக்காக, கூலிக்காக, தன்னந்தனியாக ஓரிடத்துக்குப் போய்வரும் சுதந்திரத்துக்காக. இன்று அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவிகள் இலவச சைக்கிளில் கூட்டமாகப் போவதை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் பாதைக்குச் சட்டம் இருக்கிறது

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு வளர்ந்ததற்குச் சைக்கிள் மட்டும் காரணமல்ல. ஒரு சட்டமும் காரணம். 1949-ல் வந்த சட்டம், ஒவ்வொரு பகுதியிலும் பொதுப் பாதைகள் எவை என்று வரைபடத்தில் பதிவு செய்யச் சொன்னது. நடைபாதை தனி, குதிரைப் பாதை தனி. 1968-ல் வந்த கிராமப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று உரிமை கொடுத்தது. பாதை தனியார் வயலுக்கு நடுவே போனாலும் நில உரிமையாளர் மறிக்க முடியாது. அதே நேரம் சைக்கிள்காரர், நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும்.

அந்தப் பழைய பாதைகளை ஒன்றோடொன்று கோத்து 2020-ல் ‘கிங் ஆல்ஃபிரட்ஸ் வே’ என்ற 350 கி.மீ. வட்டப் பாதையை அறிவித்தது ‘சைக்கிளிங் யு.கே.’ அமைப்பு. வின்செஸ்டரில் கிளம்பி, ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் சுற்றி, மீண்டும் வின்செஸ்டருக்கே வரலாம். புதிதாக ரோடு போடவில்லை. ஏற்கெனவே இருந்த பாதைகளை இணைத்ததுதான் பெரிய வேலை.

அங்கேயும் பிரச்னை இல்லாமல் இல்லை. வரைபடத்தில் ஏறாத பழைய பாதைகளைப் பதிவு செய்ய 2026 வரைதான் அவகாசம் என்று 2000-ல் ஒரு சட்டம் கெடு வைத்தது. பிறகு அது 2031 வரை தள்ளிப்போனது. தன்னார்வலர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்துப் பாதைகளுக்காக விண்ணப்பித்தார்கள். கடைசியில், அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. ஒரு நடைபாதைக்காக இத்தனை மெனக்கெடல்!

நம் பாதைக்கு யார் காவல்?

நம் ஊரிலும் பாதைக்குப் பதிவு இருக்கிறது. கிராம வரைபடத்திலும், புலப்படத்திலும், அ-பதிவேட்டிலும் வண்டிப்பாதை, கண்மாய், ஊருணி, வாய்க்கால் எல்லாம் புறம்போக்கு என்று தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது.

காகிதத்தில் பாதை இருக்கிறது. தரையில் அது எப்படிக் காணாமல் போகிறது? மாட்டு வண்டி ஓடிய காலத்தில் சக்கரமே பாதையைக் காத்தது. வண்டி நின்றது. டூ வீலர் வந்தது. டூ வீலருக்குத் தார் ரோட்டைச் சுற்றிப் போவது சுலபம். ஆள் போகாத பாதையில் முதலில் சீமைக் கருவேலம் முளைக்கும். அடுத்த உழவில் பக்கத்து வரப்பு ஒரு அடி நகரும். சில வருடங்களில் ஒரு வேலி வந்துவிடும். அதன் பிறகு, ‘இங்கே பாதை இருந்துச்சு’ என்று சொல்ல அந்த ஊர் அப்பத்தா ஒருவர் மட்டும் மிஞ்சுவார்.

இதில் நியாயமான ஒரு மறுபக்கமும் உண்டு. கிராவல் ரோடு அழகாக இருக்கிறது, தார் போடாதீர்கள் என்று சனிக்கிழமை மட்டும் வந்து போகிறவர் சொல்ல முடியாது. பிரசவ வலியில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த வீட்டுக்குத்தான் தார் ரோட்டின் அருமை தெரியும். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். ஊரையும் ஊரையும் இணைக்கும் ரோட்டுக்குத் தார் வரட்டும். அது அவர்கள் உரிமை.

ஆனால், கண்மாய்க் கரைக்குத் தார் தேவையில்லை. வயலுக்கும் கோயில்காட்டுக்கும் போகும் வண்டிப்பாதைக்கும் தேவையில்லை. அவை அடைபடாமல் இருந்தால் போதும். கரையில் நடமாட்டம் இருந்தால் மடை உடைந்ததும், கலுங்கில் விரிசல் விழுந்ததும், வரத்துக்கால் அடைபட்டதும் உடனே கண்ணில் படும். கரையில் ஆள் போவது கண்மாய்க்கே நல்லது. சைக்கிள் அதற்கு ஒரு காரணமாக அமைந்தால் சந்தோஷம்தானே?

இதற்குப் பெரிய இயக்கம் எதுவும் தேவையில்லை. சொந்த ஊரில் நீங்கள் போய்வந்த பாதையின் சர்வே எண்ணைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அ-பதிவேட்டில் அது என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதை அடைபட்டிருந்தால் கிராம சபையில் மனு கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ‘இந்தப் பாதையில் நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்ல நாலு பேர் இருந்தால், அந்த மனுவுக்குக் கனம் கூடும்.

கிளம்பும் முன்...

* எப்போது போகலாம்? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். கண்மாயில் தண்ணீர் இருக்கும், கரை காய்ந்திருக்கும். சித்திரை வெயிலில் வேண்டாம். எந்த மாதமாக இருந்தாலும் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

* ஈரக் கரையில் ஏறாதீர்கள். மழை பெய்த மறுநாள் கரையில் சைக்கிள் ஓட்டினால் டயர்த் தடம் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் அடுத்த மழை ஓடி மண்ணை அரிக்கும். ஒரு சைக்கிளுக்குப் பெரிய விஷயமில்லை. பத்து சைக்கிள் போனால் விஷயம்தான்.

* டயர். காற்றைக் கல் மாதிரி அடிக்க வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக இறங்க வேண்டும். கருவேல முள் டயரைத் துளைக்கும் என்பதால் ஒரு டியூப், பஞ்சர் கிட், கைப் பம்ப் மூன்றும் கட்டாயம். வெறும் 28 இன்ச் சைக்கிள் என்றால் பெல்லையும் பிரேக் கட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* தண்ணீர். ஆளுக்கு 2 லிட்டர். கடலை மிட்டாய், வாழைப்பழம், ஒரு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். தொப்பியும் ஹெல்மெட்டும்.

* லாரி. குவாரி ரோடுகளில் கிராவல் ஏற்றிய டிப்பர்கள் வேகமாக வரும், புழுதியில் எதிரே வருவது தெரியாது. சத்தம் கேட்டதும் ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள்.

* மரியாதை. ஆட்டு மந்தை வந்தால் நின்று வழிவிடுங்கள். நெல் காயப்போட்டிருக்கும் இடத்தில் இறங்கி உருட்டுங்கள். தோப்புக்குள் பாதை போனால் கேட்டுவிட்டுப் போங்கள். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் உங்களோடு திரும்பி வரட்டும்.

* தனியாக வேண்டாம். குறைந்தது இரண்டு பேர். கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

புது சைக்கிள் வாங்கிய பிறகுதான் என்று காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். கல்லலுக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் ஒரு கரை இருக்கும். கடைசியாக அதன் மேல் எப்போது போனீர்கள்?